பிக்கப் வண்டியின் பின்பக்கப் பட்டைகளை மாற்றுதல்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மகிந்திரா பொலேரோ பிக்கப், டாடா யோதா, அசோக் லேலண்ட் தோஸ்த், இசுஸு டி-மேக்ஸ் என நம் சாலைகளில் சரக்கு ஏற்றி ஓடும் பிக்கப் வண்டிகளின் முன்பக்க அமைப்பு வண்டிக்கு வண்டி வேறுபட்டாலும், பின்பக்கம் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே ஆக்சில் ஹவுசிங், அதன் இருபுறமும் நீளவாக்கில் ஒரு பட்டைக் கட்டு (சுமையைத் தாங்கும் எஃகுத் தகடுகளின் அடுக்கு, அதாவது லீஃப் ஸ்பிரிங்), பக்கத்துக்கு ஒரு ஷாக் அப்சர்பர், அவ்வளவுதான். எனவே ஒரு வண்டியில் இந்த வேலையைப் புரிந்துகொண்டு செய்தவர், போல்ட் அளவுகளும் இறுக்க அளவுகளும் மாறும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால், மற்றொரு வண்டியிலும் செய்துவிடலாம். ஓரளவு ஸ்பேனர் பிடித்துப் பழகியவர்கள், உதவிக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, சமதளத் தரையில் ஒரு முழுநாள் ஒதுக்கிச் செய்யக்கூடிய வேலை இது.

முதலில் எந்தப் பாகம் என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கட்டின் மேலே இருக்கும் நீளமான பட்டைதான் மெயின் பட்டை. அதன் இரு முனைகளும் வளையமாகச் சுருட்டப்பட்டிருக்கும்; அந்த வளையத்துக்குள் புஷ் என்னும் ரப்பர் அல்லது இரும்பு உருளை அமர்ந்திருக்கும். முன் முனை சேஸிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) உள்ள பிராக்கெட்டோடு ஒரே இடத்தில் பூட்டப்பட்டிருக்கும். சுமை ஏறும்போது வளைந்த பட்டை தட்டையாகி நீளும் என்பதால், பின் முனை ஷேக்கிள் என்னும் ஆடும் இணைப்பின் வழியாகச் சேஸிஸோடு சேர்கிறது. மெயின் பட்டைக்குக் கீழே நீளம் குறைந்துகொண்டே போகும் மற்றப் பட்டைகள் அடுக்கப்பட்டு, எல்லாவற்றின் நடுவிலும் துளையிட்டு ஒரு சென்டர் போல்ட் செருகப்பட்டிருக்கும். அந்தப் போல்ட்டின் தலை ஆக்சில் மேலுள்ள இருக்கையின் குழியில் சரியாக உட்கார வேண்டும்; ஆக்சில் முன்பின் நகராமல் இடம் காட்டுவது அதுதான். ஆனால் ஆக்சிலையும் பட்டைக் கட்டையும் சேர்த்துப் பிடிப்பது சென்டர் போல்ட் அன்று, பக்கத்துக்கு இரண்டாக உள்ள யூ வடிவில் வளைந்த யூ போல்ட்டுகள்.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும், ஏனெனில் பட்டை ஏன் உடைகிறது என்ற கேள்விக்கான விடை பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. யூ போல்ட்டுகள் உரிய அளவுக்கு இறுகியிருக்கும் வரை, அவற்றுக்கு இடைப்பட்ட பட்டைப் பகுதி வளைவதே இல்லை. வளைவு முழுவதும் அதற்கு வெளியே இருபுறமும் நடக்கும். நட்டுகள் தளர்ந்தால் வளைவு உள்ளே புகுந்து, துளை இருப்பதால் பட்டையின் மிக வலுவற்ற இடமான நடுப்பகுதியை ஒவ்வொரு பள்ளத்திலும் மடக்கத் தொடங்கும். பட்டை சரியாகத் துளையின் குறுக்கே முறிந்திருந்தாலோ, சென்டர் போல்ட் அறுந்திருந்தாலோ, பட்டையின் தரத்தைக் குறை சொல்வதற்கு முன் யூ போல்ட் எப்போது கடைசியாக இறுக்கப்பட்டது என்று கேட்க வேண்டும். புதுப் பட்டை வாங்கிப் பழைய யூ போல்ட்டையே போட்டுக் கட்டுவது, அதே பழுதை மீண்டும் விலைக்கு வாங்குவதாகும்.

தேய்மானத்தைக் கண்டறிதல்

வண்டியைக் காலியாக, சமதளத்தில், நான்கு டயர்களிலும் உரிய காற்றோடு நிறுத்துங்கள். பின்சக்கரத்தின் மையத்திலிருந்து அதற்கு நேர் மேலே பாடியின் விளிம்பு வரை இருபுறமும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் காற்றும் கணக்கில் கலந்துவிடும். சக்கர மையத்திலிருந்து அளப்பதே சரி. இரு பக்கமும் தெளிவாக வேறுபட்டால், தாழ்ந்த பக்கத்தில் பட்டை களைத்திருக்கிறது அல்லது உடைந்திருக்கிறது. பிறகு முன்சக்கர மையத்துக்கும் பின்சக்கர மையத்துக்கும் உள்ள தூரத்தை இருபுறமும் அளக்க வேண்டும். முன்சக்கரங்கள் நேராக இருக்கையில் இந்த இரண்டு அளவும் ஒன்றாக இல்லையென்றால் ஆக்சில் ஒரு பக்கம் நகர்ந்திருக்கலாம். அப்படிப்பட்ட வண்டி நேர்சாலையில் சற்றுக் கோணலாக ஓடுவதைப் பின்னால் வருபவர் கண்ணாலேயே பார்க்கலாம்.

அடுத்து டார்ச்சோடு வண்டிக்கு அடியில் பார்க்க வேண்டும். பட்டையும் இருக்கையும் சேரும் இடத்தில் செம்பொடி போல நுண்ணிய துரு கசிந்திருந்தால், அங்கே உலோகம் உலோகத்தோடு உரசிக்கொண்டிருக்கிறது, அதாவது யூ போல்ட் தளர்ந்திருக்கிறது என்று பொருள். பட்டைகளின் ஓரங்களைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு ஒவ்வொன்றாக விரல் நகத்தால் வருடிப் பாருங்கள். உடைந்த பட்டையின் முறிவு முகத்தைக் கழற்றிய பின் கவனித்தால், ஒரு பாதி கறுத்துத் துருவேறியும் மறுபாதி பளபளவென்று மணல்மணலாகவும் இருப்பதைக் காணலாம். கறுத்த பகுதி பல மாதங்களுக்கு முன்பே விரிசல் விட்டது, பளபளப்பான பகுதி கடைசியாக ஒரே அடியில் போனது. பட்டைகள் பெரும்பாலும் இப்படி முன்னறிவிப்போடுதான் உடைகின்றன, பார்க்க ஆள் இருந்தால்.

உடைந்த ஒரு பட்டையோடு கொஞ்ச நாள் ஓட்டலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2014-இல் டொயோட்டா நிறுவனம் அமெரிக்காவில் 2005 முதல் 2011 வரையிலான டகோமா பிக்கப்புகளில் ஏறத்தாழ 6,90,000 வண்டிகளைப் பின்பட்டைக்காகவே திரும்ப அழைத்தது. உடைந்த பட்டை இடம்பெயர்ந்தால் பெட்ரோல் டேங்க் உள்ளிட்ட அருகிலுள்ள பாகங்களைத் தாக்கக்கூடும் என்பதே காரணம்.

ஷேக்கிள் பின்னோக்கி முழுவதும் சாய்ந்து சேஸிஸைத் தொடும் நிலையில் இருந்தால், காலி வண்டியிலேயே பட்டை தட்டையாகிவிட்டது. ஆக்சில் சேஸிஸில் மோதாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரின் நுனி நசுங்கி, அதற்கு எதிரே ஆக்சிலில் பெயிண்ட் போயிருந்தாலும் அதே கதைதான். புஷ் தேய்ந்திருக்கிறதா என்பதை அறிய, பட்டை முனைக்கும் பிராக்கெட்டுக்கும் இடையில் கடப்பாரை நுனியை வைத்து நெம்பிப் பாருங்கள். ரப்பர் பிதுங்கியோ கிழிந்தோ இருந்தால், அல்லது போல்ட் டொக்கென்று நகர்ந்தால், மாற்ற வேண்டியதுதான். கிளட்ச் விடும்போதும் பிரேக் அழுத்தும்போதும் பின்னாலிருந்து ஒற்றைச் சத்தம் கேட்பது பெரும்பாலும் புஷ்ஷின் வேலை. ஷாக் அப்சர்பரில் ஆயில் வழிந்து தூசி ஒட்டிக் கிடந்தால் அதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என்னென்ன வாங்க வேண்டும்

பட்டைக் கட்டை இருபுறமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதியது, மறுபக்கம் பழையது என்று கட்டினால் வண்டி சாய்ந்தே நிற்கும். நான்கு யூ போல்ட்டுகள், அவற்றுக்கான நட்டுகள் எல்லாம் கட்டாயம் புதியவை. இறுக்கும்போது யூ போல்ட் நுண்ணளவில் இழுபட்டு நீளும், அந்த இழுவிசைதான் பிடிப்பைத் தருகிறது, ஒருமுறை இழுபட்டதை மறுபடி நம்பக்கூடாது. வாங்கும்போது கம்பியின் தடிமன், உள் அகலம், கால் நீளம், மேல்வளைவு உருண்டையா சதுரமா என்ற நான்கையும் பழையதோடு ஒப்பிட வேண்டும். புஷ்கள், ஷேக்கிள் போல்ட்டுகள், முன் பிராக்கெட் போல்ட் ஆகியவற்றையும் சேர்த்து வாங்கிவிடுவது நல்லது.

புதுக் கட்டின் விலையைக் கேட்டுத் தயங்குபவர்களுக்கு, பட்டை வேலை செய்யும் பட்டறைகளில் பழைய பட்டைகளையே அடித்து வளைவு ஏற்றிக் கொடுப்பார்கள். முறையாகச் சூடேற்றி, எண்ணெயில் குளிரவைத்து, மறுபடி பதமாக்கித் தரும் இடம் என்றால் அது தாங்கும். வெறுமனே குளிர்ந்த நிலையில் சுத்தியால் தட்டி வளைத்துத் தந்தால், சில மாதச் சுமையில் பழைய தட்டைக்கே திரும்பிவிடும். சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தையில் ஷேக்கிள் தட்டு வாங்கலாம், பிராக்கெட் வாங்கலாம்; பட்டையும் யூ போல்ட்டும் வேண்டாம். எவ்வளவு சுமையில் எத்தனை ஆண்டு உழைத்தது என்று அதன் முகத்தில் எழுதியிருக்காது.

கூடுதலாக ஒரு பட்டை சேர்த்துக் கட்டச் சொல்பவர்கள் உண்டு. பட்டை கூடினால் வண்டி தாழாது என்பது உண்மை. ஆனால் ஆக்சில், பேரிங், பிரேக், டயர், சேஸிஸ் எதுவும் அதனால் வலுப்பெறுவதில்லை. அனுமதிக்கப்பட்ட எடையும் ஒரு கிலோ கூடக் கூடுவதில்லை. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவின்படி அதிகப் பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். காலியாக ஓடும்போது பின்பக்கம் குதித்து, ஈரச் சாலையில் பிரேக் பிடித்தால் வழுக்கும் என்பது தனி.

தூக்கி நிறுத்துதல்

முந்தைய நாள் மாலையே எல்லா நட்டுகளின் மரைகளையும் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து, துரு இளக்கும் திரவத்தைத் தெளித்து ஊறவிடுங்கள். மறுநாள் பாதி வேலை அதிலேயே முடிந்திருக்கும்.

சரக்குப் பெட்டி முழுக்கக் காலியாக இருக்க வேண்டும். பிறகு முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போடுங்கள். இதைச் சடங்காகச் செய்யாமல் காரணம் அறிந்து செய்ய வேண்டும்: பின்சக்கரத்தால் ஓடும் பிக்கப்பில் கியர் பிடிப்பதும் பின்சக்கரத்தைத்தான், ஹேண்ட் பிரேக் பிடிப்பதும் பின்சக்கரத்தைத்தான். பின்பக்கம் தரையைவிட்டு எழுந்த நொடியில் இரண்டுமே பயனற்றவை. வண்டியை நிறுத்தி வைத்திருப்பது முன்சக்கரக் கட்டை மட்டுமே.

சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திவிட்டு, பின்பக்கத்தை ஜாக்கியால் உயர்த்தி, பட்டையின் முன் பிராக்கெட்டுக்குச் சற்று முன்னால் சேஸிஸின் இருபுறமும் வலுவான ஸ்டாண்டுகளைக் கொடுத்து இறக்குங்கள். செங்கல், ஹாலோ பிளாக் போன்றவற்றை ஒருபோதும் முட்டுக் கொடுக்கக்கூடாது. அவை பக்கவாட்டு அழுத்தத்தில் எச்சரிக்கையின்றிச் சிதறும். வண்டியைப் பக்கவாட்டில் கையால் நன்றாக அசைத்துப் பார்த்து, அசையவில்லை என்று உறுதியான பிறகே அடியில் போக வேண்டும். இன்னொரு ஜாக்கியை, வேலை செய்யும் பக்கத்து ஆக்சில் குழாயின் கீழே கொடுங்கள்.

கழற்றுதல்

இரு பக்கத்தையும் ஒரே நேரத்தில் கழற்ற வேண்டாம். ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கம் போனால், கழற்றாத பட்டை ஆக்சிலை ஓரளவு இடத்திலேயே பிடித்து வைத்திருக்கும். சந்தேகம் வந்தால் எட்டிப் பார்த்து ஒப்பிடவும் உதவும். எல்லாவற்றையும் கழற்றும் முன் பல கோணங்களில் செல்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சக்கரத்தைக் கழற்றி, ஷாக் அப்சர்பரின் கீழ் போல்ட்டை விடுவியுங்கள். பிரேக் ஹோஸ், ஹேண்ட் பிரேக் கேபிள், ஏபிஎஸ் ஒயர், ஆக்சிலின் காற்றுப்போக்கிக் குழாய் ஆகியவை ஆக்சில் தாழும்போது இழுபடாதபடி கிளிப்புகளிலிருந்து எடுத்துவிட வேண்டும். பல பிக்கப்புகளில் சேஸிஸில் ஒரு வால்வும், அதிலிருந்து ஆக்சிலுக்கு ஒரு மெல்லிய கம்பியும் இருக்கும். சுமைக்கு ஏற்பப் பின்பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு அது. கம்பியின் ஆக்சில் முனையை மட்டும் விடுவியுங்கள். வால்வின் திருகுகளைத் தொட வேண்டாம்.

ஜாக்கியால் ஆக்சிலைச் சற்றே உயர்த்தி, பட்டை சுமையையும் தாங்காமல் தொங்கவும் செய்யாமல் இருக்கும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அந்த நிலையில் யூ போல்ட் நட்டுகளைக் கழற்றினால் எதுவும் தெறிக்காது. நட்டு அசையவே மறுத்தால் கிரைண்டரால் யூ போல்ட்டை அறுத்துவிடலாம், எப்படியும் தூக்கி எறியப் போவதுதான். ஆனால் தீப்பொறி டேங்க், எரிபொருள் குழாய், பிரேக் ஹோஸ் ஆகியவற்றின் பக்கம் போகாதபடி ஈரச் சாக்கால் மூடி, கண்ணாடி அணிந்து, பக்கத்தில் தீயணைப்பானும் வைத்துக்கொள்ள வேண்டும். திரும்பப் பயன்படுத்தப்போகும் பட்டையின் மேல் கேஸ் தீயைக் காட்டுவது கூடாது. எஃகின் பதம் போய்விடும்.

பிறகு ஷேக்கிள் போல்ட், கடைசியில் முன் போல்ட். பட்டைக் கட்டு வண்டிக்கு ஏற்ப 30 கிலோ அளவுக்கோ அதற்கு மேலோ கனக்கும் என்பதால் இருவர் பிடிக்க வேண்டும். முன் போல்ட்தான் பொறுமையைச் சோதிக்கும். புஷ்ஷின் உள் இரும்புக் குழாயோடு துருப்பிடித்து ஒன்றாகிப்போயிருக்கும். நட்டை நுனியில் வைத்துத் தட்டி, போல்ட் தலையை ஸ்பேனரால் முன்னும் பின்னும் திருப்பித் திருப்பி எடுக்க வேண்டும். சில வண்டிகளில் அந்தப் போல்ட் டேங்க் பக்கமாகத்தான் வெளிவரும், டேங்கைச் சற்று இறக்காமல் எடுக்க முடியாது. வடிவமைத்தவருக்கு அதை ஒருநாளும் கழற்ற நேரவில்லை போலும்.

புஷ்ஷும் சென்டர் போல்ட்டும்

புதுப் பட்டைக் கட்டு புஷ்ஷோடு வந்தால் இந்தப் பகுதியைக் கடந்துவிடலாம். பழைய கட்டில் புஷ் மட்டும் மாற்றுவதானால், பிரஸ் உள்ள பட்டறையில் கொடுத்து எடுப்பதே சுலபம். நீண்ட மரைக் கம்பியும் பொருத்தமான சாக்கெட்டுகளும் இருந்தால் வீட்டிலும் இழுத்து எடுக்கலாம். ரப்பரை எரித்து எடுக்கும் வழக்கம் வேகமானதுதான், பட்டையின் வளையத்தை மென்மையாக்கிவிடும் என்பதால் வேண்டாம். புது ரப்பர் புஷ்ஷுக்குச் சோப்புத் தண்ணீர் மட்டும் தடவிச் செருகுங்கள். கிரீஸும் ஆயிலும் ரப்பரை ஊதவைத்து உளுத்துப்போகச் செய்யும். வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் அடிப்பாகம் முழுக்கக் கழிவு ஆயில் அடிக்கும் பழக்கம், துருவைத் தடுப்பதைவிட ரப்பர் புஷ்களைக் கொல்வதில்தான் அதிகத் திறமை காட்டுகிறது. கிரீஸ் நிப்பிள் உள்ள பழைய வகை இரும்புப் புஷ்களுக்கு மட்டும் கிரீஸ் அவசியம்.

அடுக்கைப் பிரித்து ஒரு பட்டையை மட்டும் மாற்றும்போது, சென்டர் போல்ட்டை அவிழ்க்கும் முன் கட்டின் இருபுறமும் சி-கிளாம்ப்பால் நன்கு நெருக்கிப் பிடிக்க வேண்டும். வளைவு வேறுபட்ட பட்டைகள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருப்பதால், பிடிப்பின்றி நட்டை எடுத்தால் அவை விரிந்து தெறிக்கும். விரலோ முகமோ அந்தப் பாதையில் இருக்கக்கூடாது.

பொருத்துதல்

தூக்கும் முன் ஒன்றைப் பாருங்கள்: சென்டர் போல்ட்டிலிருந்து முன் வளையத்துக்கும் பின் வளையத்துக்கும் உள்ள தூரம் பல வண்டிகளில் ஒன்றாக இருக்காது. பழைய கட்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, புதியதன் முன்முனையைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். மாற்றிப் பூட்டினால் ஆக்சில் முன்பின் தள்ளி அமரும்.

ஆக்சில் இருக்கையின் பழைய துருவையும் சேற்றையும் முழுவதும் சுரண்டி எடுக்க வேண்டும். அங்கே சிக்கும் பொருக்கு நாளடைவில் நொறுங்கி யூ போல்ட்டைத் தளரவைக்கும். ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவே ஆப்பு வடிவத் தகடு இருந்திருந்தால் அதே திசையில் திரும்ப வையுங்கள். முன் முனையைப் பிராக்கெட்டில் செருகி, போல்ட்டைக் கையால் மட்டும் முடுக்குங்கள். பின் முனையை ஷேக்கிளில் சேர்த்து, அதையும் கையோடு விடுங்கள். இப்போது ஆக்சிலை ஜாக்கியால் மெதுவாக நகர்த்தி, சென்டர் போல்ட்டின் தலையை இருக்கைக் குழிக்குள் கொண்டுவர வேண்டும். தலை குழிக்குள் இறங்கியதை விரலைக் கொடுக்காமல் டார்ச்சால் பார்த்து உறுதி செய்யுங்கள். குழியின் விளிம்பில் ஏறி நிற்கும் நிலையில் இறுக்கினால், முதல் நடையிலேயே அது அறுந்துவிடும்.

யூ போல்ட்டுகளையும் அவற்றின் கால்கள் நுழையும் இரும்புத் தட்டையும் பொருத்தி, நான்கு நட்டுகளையும் மூலைக்கு மூலை மாற்றி மாற்றி, மூன்று நான்கு சுற்றுகளில் படிப்படியாக இறுக்குங்கள். நட்டுக்கு வெளியே தெரியும் மரைகள் நான்கிலும் சமமாக இருக்க வேண்டும். கடைசி இறுக்கம் சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவுப்படி, இறுக்க அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சில்தான். நீளக் குழாயை மாட்டித் தொங்கி இறுக்கும் முறையில் ஒரு நட்டு குறைவாகவும் இன்னொன்று மரை நசியும் அளவுக்கும் போவது வழக்கம்.

ரப்பர் புஷ் உள்ள வண்டியில் முன் போல்ட்டையும் ஷேக்கிள் போல்ட்டுகளையும் வண்டி உயரத்தில் இருக்கும்போது இறுக்கவே கூடாது. புதியவர்கள் மிகுதியாகத் தவறவிடும் படி இது. புஷ்ஷின் ரப்பர் வெளிப்பக்கம் பட்டையோடும் உட்பக்கம் இரும்புக் குழாயோடும் ஒட்டியிருக்கிறது. போல்ட் இறுகியதும் உள் குழாய் பிராக்கெட்டோடு பூட்டிக்கொள்ளும். அதன் பிறகு பட்டை அசைவதெல்லாம் ரப்பர் முறுக்கிக்கொள்வதால்தான். ஆக்சில் தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டு வண்டியை இறக்கினால், சும்மா நிற்கும்போதே ரப்பர் முறுக்கிய நிலையில் இருக்கும். சுமை ஏறும்போது முறுக்கு எல்லையைத் தாண்டிக் கிழியும். எனவே இருபுறமும் வேலை முடித்து, ஷாக் அப்சர்பர்களையும் ஹோஸ் கிளிப்புகளையும் வால்வுக் கம்பியையும் பூட்டி, சக்கரம் மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, சில அடி முன்னும் பின்னும் உருட்டி, பின்பக்கத்தில் ஏறிக் குதித்து, பட்டை இயல்பான உயரத்துக்கு வந்த பிறகே அந்தப் போல்ட்டுகளைக் கையேட்டு அளவுக்கு இறுக்குங்கள். அப்போது அடியில் படுக்க நேரும் என்பதால் கட்டைகளை மறுபடி போட்டுக்கொள்ளுங்கள்.

ஓட்டத்துக்கு முன்னும் பின்னும்

முதலில் எடுத்த அளவுகளை மறுபடி எடுத்துப் பாருங்கள். சக்கரத் தூரம் இருபுறமும் ஒன்றாக இருக்க வேண்டும். புதுப் பட்டை சற்று உயரமாக நிற்பதும், சில நடைச் சுமைக்குப் பின் ஓரளவு படிவதும் இயல்பு. ஆனால் உயரம் கூடியதும் சுமை வால்வு, வண்டி காலியாக இருப்பதாக எண்ணிப் பின்பிரேக்கைக் குறைத்துவிடும். பழைய உயரத்தைவிடக் கணிசமாக ஏறியிருந்தால் பிரேக் வேலை தெரிந்தவரிடம் கையேட்டு அளவுப்படி வால்வைச் சரிசெய்துகொண்ட பிறகே சரக்கு ஏற்ற வேண்டும். பின்பக்கம் உயர்ந்தால் ஹெட்லைட் கீழ்நோக்கும், அதையும் திருத்திக்கொள்ளுங்கள்.

முதல் ஓட்டம் காலி வண்டியோடு, குறைந்த வேகத்தில். 100 கி.மீ. ஓடியதும் யூ போல்ட் நட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி சோதிக்க வேண்டும். பெயிண்டும் பட்டைகளின் இடைவெளியும் நசுங்கிப் படிவதால் அவை சற்றே தளர்ந்திருப்பது வழக்கம். 500 கி.மீ.-இல் இன்னொரு முறை. அப்போது ஒவ்வொரு நட்டிலிருந்தும் தட்டு வரை வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிட்டால், பிறகு ஒவ்வொரு சர்வீஸிலும் கோடு விலகியிருக்கிறதா என்று டார்ச்சடித்துப் பார்க்கும் வேலையைக் கிளீனரிடமே விட்டுவிடலாம்.